கருப்பசாமிக்கு நான் போட்ட ஊசிகள்

வெள்ளைக்காரன் போன இரண்டாம் வருஷம் ஸ்ட்ரெப்டோமைசின் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது. அதுவரை காசநோய்க்கு எங்களிடம் இருந்தது பால், முட்டை, ஆறுதல் வார்த்தை, அவ்வளவுதான். சின்னமனூர்ப் பக்கம் கொடிக்காலில் ஏணியேறி வெற்றிலை கிள்ளும் கருப்பசாமிக்குத்தான் முதலில் போட்டோம். குப்பியிலுள்ள பொடியில் டிஸ்டில்டு வாட்டர் கலந்து, காலையும் மாலையும் ஊசி. போடுவது கம்பவுண்டராகிய நான். "ஆள் என்ன சொன்னாலும் எங்கிட்ட வந்து சொல்லு" என்பது டாக்டர் உத்தரவு.

மூன்று வாரத்தில் சளியில் ரத்தம் நின்றது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் கையால் ஓர் உயிர் பிழைக்கிறது என்ற பெருமை எனக்கு.

ஒரு நாள் கருப்பசாமி சிரித்துக்கொண்டே சொன்னார்: "கள்ளுக்கடைய மூடிப்புட்டாகன்னு பாத்தா, நீங்க ஊசியிலயே ஏத்திவிடுறீகளே தம்பி! மூஞ்சி கழுவக் கண்ண மூடுனா ஆளச் சாய்க்குது."

"பித்தம்ணே. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிங்க."

"டாக்டரய்யாட்ட சொல்லிப்புடாதீக. ஊசிய நிப்பாட்டிருவாக."

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அவர் மனைவி ஒச்சம்மா ஓடிவந்தார். "ஊசிச் சூடு தணியட்டும்னு எண்ணெ தேச்சு வாய்க்கால்ல குளிக்கவிட்டேன் தம்பி. சீயக்காய்க்குக் கண்ண மூடுனாக, அப்படியே தண்ணிக்குள்ள விழுந்துட்டாக. நாலு பேரு சேந்து தூக்குனாக."

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்த கருப்பசாமியை டாக்டர் கால் சேர்த்து நிற்கவைத்து, கண்ணை மூடச் சொன்னார். சாய்ந்தவரை நான்தான் பிடித்தேன்.

"காதுக்குள்ள நெலையா நிக்க வைக்கிற நரம்பு கெட்டுப்போச்சு. மருந்தோட வேலை" என்றவர் என் பக்கம் திரும்பினார். "எத்தனை நாளா இப்படிச் சொல்றாரு?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. ஊசி அன்றே நின்றது.

நோய் திரும்பவில்லை, நரம்பும் திரும்பவில்லை. சில மாதம் கழித்துக் கொடிக்காலுக்குப் போனேன். ஏணிமேல் ஒச்சம்மா நின்றார். கருப்பசாமி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நெஞ்சு நல்லாருக்கு தம்பி. ரெண்டாம் படியிலயே கொடிக்கால் சுத்துது."

"பொம்பள ஏணியேறுறான்னு ஊரே வேடிக்கை பாக்குது. நீங்க பிடிய விட்டுறாதீக" என்றார் மேலிருந்து ஒச்சம்மா.

முதல் நாளே சொல்லியிருந்தால் நரம்பு பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். "தெரியலப்பா" என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நோயாளி சொல்வதை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். சொல்ல வேண்டாம் என்று அவரே கெஞ்சினாலும் சொல்லுங்கள்.