நாற்காலிக் கடை நைனா

"எவனோ வாடகைக் கடைக்காரன் படூர்ல ஒரு எழவு வூட்டுக்கு 'மிக்க மகிழ்ச்சி, மீண்டும் வருக'ன்னு மெசேஜ் அனுப்பிகிறானாம்க்கா. டீக்கடையில ஒருத்தன் சொல்லிச் சொல்லி சிரிக்கிறான்" என்றான் டெம்போ ஓட்டும் லட்சுமணன்.

விஜயகுமாரி பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து, கால்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீறல் விட்ட நாற்காலி அவள் கடையை விட்டு வெளியே போகாது. "கட்டையில போறவன், கண்ணு அவிஞ்சா பூட்ச்சு?" என்று அவளும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் முகம் மாறியது. அந்த வாசகம் அவளுடையது.

நெம்மேலிக்குப் போகும் சாலையில் சாமியானா, நாற்காலி, அண்டா வாடகைக் கடை. முகூர்த்த மாதங்களில் ஒரு வாய் சோறு உள்ளே இறங்குவதற்குள் நாலு பேர் கேட்டுவிடுவார்கள். அதனால்தான் வாட்ஸ்அப்பில் தானாகப் பதில் சொல்லும் ஏஐ ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். அதற்கு அவள் வைத்த பெயர் நைனா. காது மந்தமானவரிடம் பேசுவதுபோல் கைபேசியை வாயருகே வைத்துக் கத்துவாள்: "நைனா, பெரிய அண்டா ரெண்டும் திருப்போரூர் போய்கீது. கேட்டா இல்லன்னு சொல்லு. மூஞ்சியில அடிச்சாப்ல சொல்லாத." அதுவும் பக்குவமாகச் சொல்லும். அவள் 'இல்லை' என்று சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள், அது சொன்னால் "பரவால்லைங்க" என்பார்கள். அவளுக்கு உள்ளூரப் பொறாமைகூட.

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று நல்ல காரியங்களை மட்டும் நினைத்துத்தான் அதற்குச் சொல்லி வைத்தாள்: யார் கேட்டாலும் முதலில் மகிழ்ச்சி, கடைசியில் மீண்டும் வருக. சாவு வீட்டில் 'போய் வரேன்' என்றுகூடச் சொல்லாமல் திரும்புகிற ஊர் அது. அதற்கு நாற்காலி வேண்டுமென்றால் ஆள் ஓடிவரும் அல்லது போன் அடிக்கும். படூர் அடுக்குமாடிக்காரர்கள் சாவையும் வாட்ஸ்அப்பில் எழுதித்தான் அனுப்புவார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கைபேசியைத் திறந்தாள். இருந்தது. பாலா என்பவர், அப்பா தவறிவிட்டார், அறுபது நாற்காலி வேண்டும். கீழே நைனாவின் மகிழ்ச்சி.

"போச்சு. கடைக்குப் பாதி சோறு படூர்தான் போடுது. இனிமே அங்க எவன் என்ன கூப்புடுவான்?"

"கம்முனு இருந்துடுக்கா. வேற கடையில எடுத்துக்குவாங்க."

"பொணத்த வச்சுகினு நாற்காலிக்கு அலைவாங்களா? ஏத்துடா."

அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில், பாலாவின் அம்மா ஜெகதாம்பாள் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலிகளை ஓசைப்படாமல் இறக்கிவிட்டு விஜயகுமாரி அவர் எதிரே போய்க் குந்தினாள்.

"தப்பு நடந்து போச்சும்மா. மெஷின் மேல பழி போட மாட்டேன். நான் சொல்லிக் குடுத்ததத்தான் அது சொல்லிச்சு."

ஜெகதாம்பாள் நிமிர்ந்தார். "மறுபடியும் வரச் சொன்னது நீதானா?"

"அம்மா, விடும்மா" என்றார் பாலா.

"இருடா. அடுத்தது நான்தானே? எனக்கு அறுபது போதாது, நூறா போடச் சொல்லு. உங்கப்பாவைவிட எனக்கு சிநேகிதம் ஜாஸ்தி."

சொல்லிவிட்டுக் களுக்கென்று சிரித்தார். காலையிலிருந்து வாய் திறக்காத மனுஷி. பாலாவும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையானது. ஜெகதாம்பாள் விஜயகுமாரியின் கையைப் பற்றிக்கொண்டார். அவருக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. விஜயகுமாரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இடுப்பில் செருகியிருந்த கைபேசி அடிக்கத் தொடங்கியது. அவள் ஒரு கையை அவர் பிடியிலேயே விட்டுவிட்டு, மறு கையால் அவர் தோளில் சரிந்திருந்த முந்தானையை இழுத்துப் போர்த்திவிட்டாள். கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.