அடையாற்று முகத்துவாரத்தில் ஒரு செம்பருந்துக் கூடு

பருந்துகளைப் படமெடுக்கக் காடு மலை ஏற வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் ஈக்காட்டுத்தாங்கலில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு மேலேயே தினமும் அவை வட்டமிடும். ஊருக்குள்ளேயே தேடுவோம் என்று பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, விடியும்போது கிளம்பினேன். பட்டினப்பாக்கத்துக்குச் சுமார் பத்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய்.

"இன்னா சார், இம்மாம் பெரிய கேமரா?" என்றார் ஓட்டுநர்.

"பருந்து எடுக்கப் போறேங்க."

"அத்த எடுக்கவா இவ்ளோ தூரம்?" என்று சொல்லிவிட்டு அவர் ரேடியோவைப் போட்டுக்கொண்டார்.

பட்டினப்பாக்கத்தில் அடையாறு கடலில் சேரும் இடத்தில், கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். காலை வெயில் பறவைமேல் விழும். நீர் வடிந்திருந்ததால் மணல்திட்டில் மூன்று செம்பருந்துகள் இறங்கியிருந்தன. ஒன்று மீனைக் கவ்விக்கொண்டு குடியிருப்புப் பக்கம் பறந்தது. பின்னாலேயே போனேன்.

அது ஒரு தெருவுக்குள் தாழப் பறந்தபோது அவசரமாக ஒரு படம் எடுத்தேன்; பிறகு அது ஒரு தூங்குமூஞ்சி மரத்தில் இறங்கியது. அந்தத் தெருவில் பாதி வீடுகள் ஏற்கெனவே இடிக்கப்பட்டிருந்தன. மரத்தடி வீட்டு வாசலில் ஓர் அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். பெயர் ஸ்டெல்லா, மீன் விற்பவர்.

"இன்னாத்த எட்த்துக்கினு கீற?"

"மேல கூடு இருக்குக்கா."

"தெரியும். ரெண்டு குஞ்சு கீது. நாளைக்கு ஜேசிபி வருது. எங்கள தூரமா பெரும்பாக்கத்துல போர்டு வூட்டுக்கு அனுப்பறாங்க. மரத்தையும் சாச்சிருவாங்களாம்."

தன் மொட்டைமாடியில் ஏறச் சொன்னார். அங்கிருந்து குஞ்சுகள் வாய் பிளப்பது வரை தெரிந்தது. இறங்கி வந்து எடுத்ததையெல்லாம் அவருக்குக் காட்டினேன். ஒவ்வொன்றாக, நிதானமாகப் பார்த்தார்.

"வா, அந்தாள்கிட்ட காட்டு. நான் மட்டும் சொன்னா கேக்க மாட்டான்."

இடிக்கும் வேலையின் மேற்பார்வையாளர் டீக்கடையில் இருந்தார். படங்களைப் பார்த்துவிட்டு, "எனக்கு வந்த உத்தரவு மரத்தோட சேத்துதாங்க" என்றார்.

ஸ்டெல்லா குரலை உயர்த்தவில்லை. "நான் வூட்ட காலி பண்றேன்னுட்டேன்ல? அதுங்க எப்டி நைனா காலி பண்ணும்? இன்னும் பறக்கவே தெரியல."

அவர் எழுந்துபோய் யாருக்கோ போன் செய்தார். திரும்பி வந்து, "மரத்தைக் கடைசியா பாத்துக்கறோம். ஒரு மாசம். அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார்.

ஒவ்வொரு ஞாயிறும் போனேன். அடுத்த வாரமே வீடுகள் இல்லை. இடிபாடுகளுக்கு நடுவில் மரம் மட்டும் நின்றது. மார்ச்சில் ஒருநாள் கூடு காலியாக இருந்தது. பழுப்பு நிறம் மாறாத இளம்பருந்துகள் இரண்டும் முகத்துவாரத்தின் மேல் தடுமாறிப் பறந்துகொண்டிருந்தன.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் மார்ச் வரை நல்லது. தண்ணீரும் தொப்பியும் அவசியம். கூட்டைக் கண்டால் தள்ளி நின்று எடுங்கள், இடத்தை வெளியில் சொல்லாதீர்கள். இந்த மரம் எங்கே என்று கேட்க வேண்டாம். இப்போது அது இல்லை.

கூடு காலியாக இருந்ததைப் பார்த்த அன்றே ஸ்டெல்லாவுக்கு போன் செய்து, குஞ்சுகள் பறந்துவிட்டதைச் சொன்னேன். "ரெண்டுமா?" என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "எனக்கு ஒரு படம் பிரிண்ட் போட்டுக் குடு" என்றார்.

"குஞ்சு வாய் பொளக்குறதாக்கா?"

"அது வேணா. மொதல்ல தெருவுல நின்னு எட்த்தியே, பருந்து மீனோட போறது. அதுல பின்னால எங்க வூட்டு செவுரு தெரியுது பாரு, அது."

பறவை கலங்கலாகி, சுவர் மட்டும் தெளிவாக விழுந்துவிட்ட படம் அது. அழிக்க நினைத்திருந்தேன். பெரிதாகவே போட்டுக் கொடுத்தேன்.