பாசிட்டிவை மாற்றித் தரச் சொன்ன ராஜேஸ்வரி அக்கா

1. ஜன்னலில்

ஆஸ்பத்திரி லேபில் ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலை நான் திறந்ததும் ஒரு பெண் கசங்கிய உறையை உள்ளே தள்ளினார். தெஹியோவிட்டப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ராஜேஸ்வரி அக்கா. மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியை அறுத்து எடுத்திருந்தார்கள். அந்தக் கட்டியின் ரிப்போர்ட்டை முதல் நாள்தான் என் கையால் வாங்கிப் போயிருந்தார்.

"மிஸ், இதுல பாசிட்டிவ்னு போட்டுருக்காம். பஸ்ஸுல ஒரு புள்ள வாசிச்சு சொல்லிச்சு. இன்னொருக்கா பாத்து நெகட்டிவ்னு எழுதித் தாங்க. கொரோனா நேரம் ரெண்டாந்தடவ பாத்தப்ப அப்பிடித்தானே வந்துச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. எங்கள் தோட்டத்து லயன் வீடுகளில் பாசிட்டிவ் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நானும் நிவித்திகலப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள்தான். அந்தச் சொல் வந்த வீட்டு ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம்.

அக்கா முடிவோடுதான் வந்திருந்தார். மாற்றித் தராவிட்டால் இனிக் கிளினிக் பக்கமே வரப்போவதில்லையாம். சாவது நிச்சயம் என்றால் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி அலைவது எதற்கு, வீட்டில் இருந்து மகளுக்கு ஆக்கிப் போடலாமே என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

2. டொக்டர் கதைத்தது

ரிசல்ட்டைப் பற்றி நோயாளியிடம் பேசுவது லேப் ஆட்களான எங்கள் வேலை இல்லை. அதனால் எங்கள் பெத்தோலொஜி டொக்டரைக் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர். பத்து வார்த்தை பேசினால் ஆறு வார்த்தை மருத்துவப் புத்தகத்தில் இருப்பது. ஹோர்மோன் ரிசெப்டர் என்று ஆரம்பித்து அன்போடு நெடுநேரம் விளக்கினார். அக்கா எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, டொக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

டொக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நீரே சொல்லும். நான் கதைக்கிறது அவவுக்கு விளங்கேல்லை" என்றார்.

3. மருந்து கேக்கும்

அக்காவை உள்ளே கூட்டிப்போய் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வைத்தேன். அவருடைய ஸ்லைடைத்தான் போட்டேன். கட்டியை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி எடுத்தது அது. டொக்டர் சொன்ன அந்த ரிசெப்டர் என்ற புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கிற திரவத்தை அதன்மேல் விடுவோம். புரதம் இருந்தால் கடைசியில் அந்த இடம் கபில நிறமாகும். இல்லாவிட்டால் வெறும் நீலம்தான்.

"கோப்பித்தூள் கொட்டுன மாதிரி இருக்கு, மிஸ்."

"அதத்தான் பாசிட்டிவ்னு எழுதுறோம், அக்கா. ஒங்களுக்கு சீக்கு இருக்குறது முன்னமே தெரியும். இது அதப் பாக்குற டெஸ்ட் இல்ல. எந்த மருந்து குடுக்கலாம்னு பாக்குற டெஸ்ட்டு. இப்பிடி நெறம் புடிச்ச கட்டிக்கு மாத்திர நல்லா கேக்கும்."

"மருந்து கேக்குமா?"

"அநேகமா கேக்கும்."

அவர் மறுபடி குனிந்து நன்றாகப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த உறையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "அப்ப நெகட்டிவ்னு ஒண்ணும் எழுதிப்புடாதீங்க" என்று என்னை மிரட்டிவிட்டு நேரே கிளினிக்குக்குப் போனார்.

4. சரோஜா

அதற்குப் பிறகு கிளினிக் வரிசையில் அக்காவின் பிரசங்கத்தைக் கேட்க வேண்டுமே! பாசிட்டிவ் வந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று தமிழிலும் சிங்களத்திலும் வெளுத்து வாங்குவார். குருவிட்டயிலிருந்து வந்த சரோஜா என்ற சின்ன வயதுப் பெண்ணிடம், நிறம் பிடிக்க வேண்டும் என்று நேர்ந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்.

சரோஜாவின் ஸ்லைடில் நிறம் பிடிக்கவில்லை. சாயத்தில் கோளாறோ என்று, கூடவே போட்ட, நிறம் பிடிக்கும் என்று முன்பே தெரிந்த கொன்ட்ரோல் ஸ்லைடைப் பார்த்தேன். அது அழகாகக் கபிலமாகி இருந்தது. டொக்டரும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த மாத்திரை அவளுக்கு உதவாது. சேலைனில் ஏற்றும் கடுமையான மருந்துதான்.

சில வாரம் கழித்து ஒரு வேலையாக வார்டுக்குப் போனேன். சரோஜாவின் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார் ராஜேஸ்வரி அக்கா. அன்று அவருக்குக் கிளினிக் நாள் இல்லை. என்ன அக்கா இங்கே என்றேன்.

"இவளுக்கு நெறம் புடிக்கலியே, மிஸ். நான்தான் புடிக்கும் புடிக்கும்னு ஆச காட்டிட்டேன். அதான் மருந்து ஏத்துற நாளெல்லாம் கூட வாறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் எத்தனை நெகட்டிவ் ரிப்போர்ட்டை அந்த ஜன்னல் வழியே பேசாமல் நீட்டியிருப்பேன்! லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நிறம் பிடித்ததா இல்லையா என்பதை ரிப்போர்ட் சொல்லும், விளக்கத்தை டொக்டர் சொல்வார். நான் இப்போது எந்த உறையைக் கொடுத்தாலும் ஒன்று மட்டும் சொல்லித்தான் கொடுக்கிறேன்:

"கிளினிக்குக்குத் தனியா போகாதீங்க. கூட ஒரு ஆளக் கூட்டிட்டுப் போங்க."