மூடிய கேமராவுக்குள் நாற்பத்தாறு டிகிரி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் ஆய்வு வழிகாட்டியும் நம்பவில்லை. காய்ச்சல் என்று லீவு கேட்டாலே நம்பாத மனிதர் அவர். ஆனால் அன்று என் வலது கை போன இடத்துக்கு உங்கள் கை போயிருந்தால், நீங்களும் இன்றுவரை ஸ்பூனில்தான் சாப்பிடுவீர்கள்.

நட்சத்திரங்கள் பிறப்பதை ஆராய்வது என் வேலை. கேட்க அழகாக இருக்கும். உண்மையில், தூசி மேகத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு குட்டி நட்சத்திரத்தை, சூட்டைப் படம் பிடிக்கும் கேமராவால் ஐந்து வருடமாக எட்டிப் பார்க்கிறேன். வருடத்துக்கு மூன்று ராத்திரிதான் தொலைநோக்கி கிடைக்கும். முதல் இரண்டையும் மழை தின்றுவிட்டது. மூன்றாவதும் போனால் உதவித்தொகை நின்றுவிடும். நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வானம் அன்று பளிச்சென்று இருந்தது. என் நட்சத்திரத்தை எடுத்து முடித்தேன். பாக்கி இருந்தது டார்க் மட்டும். அதாவது, கேமராவின் மூடியைப் போட்டு வெறும் இருட்டை ஐந்து படம் எடுப்போம். கேமராவின் சொந்த அழுக்கு அதில் தெரியும். பிறகு நட்சத்திரப் படத்திலிருந்து அதைக் கழித்துவிடுவோம். டார்க் இல்லாவிட்டால் மொத்த ராத்திரியும் குப்பை.

ராத்திரி 1.40. முதல் டார்க். ஒரே கறுப்பாக வந்திருக்க வேண்டும். நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. எங்கள் படத்தில் வெள்ளை என்றால் சூடு.

பக்கத்தில் ஆபரேட்டர் அண்ணன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, மூடி மூடிருச்சா?"

"பச்சை லைட்டு எரியுதுல்ல?"

"உள்ள ஏதோ சூடா இருக்கே."

"உன் ஜாதகமா இருக்கும். அடுத்ததை எடுப்பா."

1.46. இரண்டாவது. திட்டு உள்ளங்கை அளவு.

1.52. மூன்றாவது. இன்னும் பெரிது. ஓரங்கள் கலங்கியிருந்தன. அசைகிற பொருள்தான் அப்படிக் கலங்கும்...

டார்ச்சை எடுத்துக்கொண்டு, தொலைநோக்கியில் கேமரா இருக்கும் கூண்டுக்குள் ஏறினேன். நாலு டிகிரி குளிர். பாதிப் படியிலேயே நாற்றம் வந்தது. மூடிவைத்து மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைப் பத்து நாள் கழித்துத் திறந்த மாதிரி. அதில் ஒரு இனிப்பு வேறு. நாக்கில் ஒட்டியது.

மூடி இறுக்கமாக இருந்தது. கண்ணாடியைத் துடைப்பதற்காகப் பக்கவாட்டில் கை நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு உண்டு. திறந்தேன். கையை விட்டேன்.

முதலில் சில்லென்ற இரும்பு.

அப்புறம்... வெதுவெதுப்பு.

ஈரம். கொழகொழவென்று.

விரல்கள் உள்ளே இறங்கின. ஐந்தும்.

அது நெளிந்தது. மொத்தமாக இல்லை. பொடிப்பொடியாக... விரலிடுக்கில்... நகத்துக்கு அடியில்...

ச்ளக்.

கையை உருவினேன். வாந்தி என் ஷூ மேலேயே விழுந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கை சுத்தமாக, காய்ந்திருந்தது. உள்ளே வெறும் கண்ணாடி. ஒரு தூசிகூட இல்லை.

கீழே வந்தேன். அண்ணன் மூக்கைப் பொத்தினார்.

"என்னப்பா இது? எலி கிலி செத்துக் கெடக்கா?"

"ஒண்ணுமே இல்லண்ணே."

"ஒண்ணும் இல்லாததுக்கா இந்த நாத்தம்? தள்ளி நில்லு!" பிஸ்கட் பாக்கெட்டைக் குப்பையில் போட்டார்.

ஓடிப்போயிருக்கலாம். இன்னும் இரண்டு டார்க் பாக்கி. ஐந்து வருடம்... இடது கையால் பட்டனை அழுத்தினேன்.

2.21. நான்காவது. வெள்ளை கிட்டத்தட்டப் படம் முழுக்க.

அதன் நடுவே ஐந்து கறுப்புக் கோடுகள்.

என் விரல்கள் போன தடம்.

2.27. ஐந்தாவது.

கோடுகள் இல்லை.

தடங்கள் மூடிக்கொண்டுவிட்டன.

என் நட்சத்திரம் விழுகிற மூலையை மட்டும் அது தொடவில்லை. எனவே ஆய்வு பிழைத்தது. வழிகாட்டிக்குப் பரம திருப்தி. "இந்தக் கறை ஏதாவது ஒயர் சூடா இருக்கும். எத்தனை டிகிரின்னு கணக்குப் போட்டு ஆய்வேட்டுல ஒரு வரி எழுதிடு" என்றார்.

கணக்குப் போட்டேன். நாற்பத்தாறு டிகிரி. மூன்று தடவை போட்டேன். அதேதான். அந்த மூடிக்குப் பக்கத்தில் ஒயரே கிடையாது.

என் அக்கா பிரேதப் பரிசோதனை டாக்டர். போன் செய்தேன்.

"அக்கா, ஒரு உடம்பு நாப்பத்தாறு டிகிரி இருக்குமா?"

"லூசு. நாப்பத்திரண்டு தாண்டுனாலே ஆள் பொழைக்கிறது கஷ்டம்."

"அப்ப இருக்கவே இருக்காதா?"

வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"செத்தப்புறம் இருக்கும்டா. நாலஞ்சு நாள் ஆன உடம்புல. புழு வச்சுக் கூட்டமா நெளியுறப்ப, உள்ள அவ்வளவு சூடு ஏறும். கொட்டுற பனியிலகூட."

ஆய்வேட்டின் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் அந்த ஒரு வரி இருக்கிறது. 'ஒயர்' என்றுதான் எழுதியிருக்கிறேன். பட்டம் கொடுத்துவிட்டார்கள்.