ஒயில் மாற்றிய செவ்வாய்க்கிழமை

"...மூணு மணிக்கு ராகு காலம் பொறந்துரும், அதுக்கு முந்தியே சக்கரத்துக்குப் பழம் வச்சாகணும், இல்லேன்னா இந்த வண்டியில இனிமே ஒரு ஈ காக்கா ஏறாதுங்க" என்று அத்தை குசினி வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தபோது, மாமாவின் தலையும் நெஞ்சும் காருக்கு அடியில் போய்விட்டிருந்தன. வெளியே தெரிந்தது சாரமும் இரண்டு கால்களும்தான்.

"வய்யி, வய்யி" என்றது காருக்கு அடியிலிருந்து மாமாவின் குரல். "ஒயில் இறங்கட்டும். அப்புறம் பழம் வை, பூசணிக்காய் வை, பத்தலேன்னா என்னையும் சேத்து வை."

அத்தை சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமா என் அம்மாவின் அண்ணன். டிசம்பர் லீவு விட்டதும் பதுளையிலிருந்து என்னை பஸ் ஏற்றி பூனாகலைக்கு அனுப்பிவிடுவார்கள். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தின் கடைசிக் காம்பரா மாமாவுடையது. கடைசி என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் முற்றம் இருந்தது, அந்த முற்றத்தில் அவருடைய காரும் இருந்தது. என்னைவிட வயதில் மூத்த, பழுப்பு நிறக் கார். தோட்டத்தில் யாருக்காவது வலி எடுத்தாலும் கல்யாணம் நடந்தாலும் அதுதான் வரவேண்டும். மாமா ஹயர் ஓடிப் பிழைத்தது அந்த ஒரு வண்டியை நம்பித்தான்.

ஆனால் நான் போயிருந்த அந்த லீவில் மூன்று வாரமாக வண்டிக்கு ஹயரே வரவில்லை.

மேல் லயத்தில் ஒரு அம்மா இருந்தார். பதுளை ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்துவிட்டு, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியபோது மாமாதான் கூட்டிவரப் போனார். பின் சீட்டில் நடுவில் அந்த அம்மா, இரண்டு பக்கமும் இரண்டு மகள்மார். குளிருக்குத் தலையில் வெள்ளைத் துவாய். பண்டாரவளை வரைக்கும் பேசிக்கொண்டு வந்திருக்கிறார். அதற்கப்புறம் மகள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். மாமா கண்ணாடியில் பார்த்து, "என்னம்மா, நல்ல தூக்கமா?" என்று இரண்டு தடவை கேட்டதாகவும் சொன்னார். லயத்து வாசலில் கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. எந்த வளைவில் உயிர் போனது என்று இன்றுவரைக்கும் யாருக்கும் தெரியாது.

அது போதாதென்று வண்டி முனக ஆரம்பித்தது. மேட்டில் ஏறும்போது இஞ்சினுக்குள்ளிருந்து நீளமாக ஒரு சத்தம். இஞ்சின் சத்தத்துக்கு ஒரு பேர், முனகலுக்கு ஒரு பேர் என்று பிரித்துப் பார்க்க ஜனங்களுக்குப் பொறுமை ஏது? "அந்தம்மா இன்னும் இறங்கலப்பா" என்றார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் முற்றத்தைக் கடக்கும்போது கொழுந்துக் கூடையை மறுபக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். டவுனில் கராஜ் பாஸ்கூட, "கொஞ்ச நாள் போகட்டும் அண்ணே, இப்ப இங்க ஏத்த வேணாம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டாராம். அத்தை அந்த வண்டியைத் துடைக்கக்கூட அண்டவில்லை.

மாமாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில். "கறுத்துப்போன ஒயில். அதை மாத்துனா முனகாது." சரி, பாஸ் மாற்றாவிட்டால் நானே மாற்றுகிறேன் என்று அந்தச் செவ்வாய்க்கிழமை இறங்கிவிட்டார்.

வேலை என்னவோ ஒழுங்காகத்தான் தொடங்கியது. இரண்டு பழைய ரயில் சிலிப்பர் கட்டைகளை முற்றத்தில் நீளமாகப் போட்டு, முன் சக்கரங்களை அதன்மேல் ஏற்றினார். ஆள் படுத்து உள்ளே போகிற அளவுக்கு மூக்கு உயர்ந்து நின்றது வண்டி. முற்றம் பின்பக்கமாகக் கானை, மழைத்தண்ணி ஓடுகிற வாய்க்காலை, நோக்கிச் சரிவு. அந்தக் காரின் ஹேண்ட் பிரேக் வெறும் அலங்காரம், கியர் நினைத்தால் நிற்கும், நினைத்தால் நழுவும். அதனால் பின் சக்கரங்களுக்குப் பின்னால் சக்கரத்துக்கொரு கருங்கல்லை உருட்டிக் கொண்டுவந்து அண்டை கொடுத்தார். கொஞ்ச நேரம் இஞ்சினை ஓடவிட்டார். சூடாக இருந்தால்தான் ஒயில் தண்ணியாக இறங்குமாம். அப்புறம் நீல பேசினைத் தள்ளிக்கொண்டு, ஸ்பேனரோடு உள்ளே போனார். நான் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். அங்கேயிருந்து பார்த்தால் மாமாவின் நெஞ்சும் பேசினும் தெரியும்.

நட்டு கழன்றதும் முதலில் ஒரு துளி. அப்புறம் ஒரு கயிறு மாதிரி, சத்தமே இல்லாமல், கன்னங்கரேலென்று இறங்கியது. இத்தனை கறுப்பை நான் பார்த்ததில்லை.

"பாத்தியா? இதுதான் அந்தப் பேய்" என்றார் மாமா. "எட்டு மாசத்துப் பேய்."

அப்போதுதான் பனி வந்தது. எங்கள் பக்கத்தில் டிசம்பரில் மத்தியானத்துக்கு மேல் அது மலையிலிருந்து இறங்கிவிடும். தேயிலைச் செடிகள் போயின, எதிர் லயத்தின் தகரம் போனது, கடைசியில் காரின் பின்பாதியே மங்கிப்போனது. தூரத்தில் நாய் குரைத்தது, அதுவும் நின்றுவிட்டது. சட்டென்று உலகத்தில் மிச்சம் இருந்தது நான், பேசின், பேசினுக்குள் இறங்குகிற கறுப்புக் கயிறு.

அத்தை வந்தாள். தூறலுக்குத் தலையில் வெள்ளைத் துவாயைப் போட்டிருந்தாள். மடியில் எலுமிச்சம்பழம். என்னிடம், "மணி என்னடி?" என்றாள். உள்ளே ஓடிப் பார்த்து வந்து, "மூணுக்குப் பத்து நிமிசம்" என்றேன். மாமாவைக் கேட்டால் இன்னும் ஒயில் இறங்கவேண்டும் என்பார். ராகு காலம் ஒயிலுக்குக் காத்திருக்காது.

அத்தையின் கணக்கில் பிழை சொல்ல முடியாது. பழத்தைச் சக்கரம் நசுக்கிக்கொண்டு புறப்படவேண்டும். கட்டையிலிருந்து இறங்கும்போது வண்டி பின்னுக்குத்தான் வரும். அப்படியானால் பழம் இருக்கவேண்டிய இடம் பின் சக்கரத்துக்குப் பின்னால். அந்த இடத்தில் கல் இருந்தது. அத்தை குனிந்து ஒரு கல்லை உருட்டித் தள்ளி, பழம் வைத்தாள். மறுபக்கம் போய் மற்றக் கல்லையும் உருட்டினாள், பழம் வைத்தாள். கற்பூரம் எடுக்கத் திரும்பினாள். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாமி காரியம் நடக்கிறது என்று கையைக்கூடக் கட்டிக்கொண்டேன்.

முதலில் வந்தது வாசனை. பனிக்குள்ளிருந்து பச்சை எலுமிச்சையின் வாசனை, யாரோ மூக்குக்குப் பக்கத்தில் பிழிந்த மாதிரி. அப்புறம் 'பிசுக்' என்று சின்னச் சத்தம். ஆள் இல்லாத காரில் ஸ்டியரிங் ஒரு விரல்கடை தானாகத் திரும்பியது. கறுப்புக் கயிறு பேசினின் விளிம்புக்கு வந்து, விளிம்பைத் தாண்டி, மண்ணில் விழுந்தது.

"ஏன்டி பேசினை நகத்துற?" என்றார் மாமா.

என் கைகள் கட்டியபடியேதான் இருந்தன.

"நகத்தாதடி, நெஞ்சுல ஊத்துது பாரு!"

முன் சக்கரம் கட்டையின் ஓரத்துக்கு வந்துவிட்டது. எனக்கு அந்த இடம் இப்போதும் தெரியும். கட்டையில் ஒரு பழைய ஆணி துருத்தியிருந்தது, டயர் அந்த ஆணியைத் தொட்டது. தொட்டு, நின்றது. ஏதோ ஒன்று வண்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி நின்று, நடுங்கியது.

தலையைத் தூக்கி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின் கண்ணாடி வெளுத்திருந்தது. அந்த வெளுப்பில், நடு சீட்டுக்கு நேராக, வெள்ளைத் துவாய் போட்ட தலை. முகம் இல்லை. குனிந்திருந்தது, தூங்குகிறவர்கள் சாய்கிற மாதிரி.

நான் கத்திவிட்டேன். அதே நேரத்தில் எங்கேயிருந்தோ ஒரு குரல், தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்த குரல்: "யோவ், வெளிய வாய்யா! வெளிய வா!"

மாமா புரண்டு என் பக்கமாக வந்து விழுந்தார். அவர் கால் வெளியே வந்ததுதான் தாமதம், வண்டி கட்டையை விட்டு இறங்கியது. நீல பேசின் அப்பளம் மாதிரி நொறுங்கி, ஒயில் சுவரெல்லாம் அடித்தது. கார் அப்படியே பின்னுக்குப் போய்க் கானில் பின் சக்கரங்களை இறக்கிவிட்டு, ஒரு தடவை முனகி, நின்றது.

அத்தை கற்பூரத் தட்டோடு குசினியிலிருந்து வந்தாள். மூச்சு இரைத்தது. தட்டில் கற்பூரம் இருந்தது, நெருப்பு இல்லை.

மாமா ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. பேசினைப் பார்த்தார், தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். "யாரு கூப்பிட்டா?" என்றார் கடைசியில். அத்தையைப் பார்த்து, "நீயா?" என்றவர், அவரே தலையை ஆட்டிக்கொண்டார். பதினாலு வருசத்தில் அவரை 'வா போ' என்று பேசியதில்லை அத்தை. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீ என்னத்தப் பாத்துக் கத்துன?"

பார்த்ததைச் சொன்னேன். அத்தை தட்டைக் கீழே வைத்தாள்.

அதற்குப் பிறகு யாரும் கல்லைப் பற்றிக் கேட்கவில்லை. பேய் வந்துவிட்ட இடத்தில் கல்லுக்கு என்ன வேலை? நானும் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை, அது சொல்லவேண்டிய விஷயம் என்றே எனக்குத் தெரியாது. மறுநாள் பீலியில் குளிக்கும்போது அத்தையின் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் குறுக்காக, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டது போல நீலம் பாய்ந்திருந்தது. "விறகுக் கட்டு" என்றாள். விறகுக் கட்டு அவ்வளவு நேராகவா அழுத்தும் என்று கேட்க எனக்கு இன்னும் பல வருசம் ஆகவேண்டியிருந்தது. குசினிக்குப் பின்னால் கான் ஓரமாக ஒரு வழி இருந்ததையும், ஓடினால் முற்றத்திலிருந்து அடுப்படிக்குப் பத்து எட்டுதான் என்பதையும் அப்போது நான் யோசிக்கவில்லை. கார் என்ன கனம் என்றும் யோசிக்கவில்லை. இப்போது எனக்குச் சொந்தமாக ஒரு கார் இருக்கிறது, ஒயிலை நானேதான் மாற்றுகிறேன். அத்தையை விட நான் ஒரு சுற்றுப் பெரிய ஆள். சரிவில் அதை முதுகு கொடுத்து ஒரு தடவை நிறுத்திப் பார்த்தேன். முடியவில்லை.

கதை தோட்டம் முழுக்கப் போய்விட்டது. மாமா டீக்கடையில் சட்டையைத் தூக்கி ஒயில் கறையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். மூன்று வாரமாக ஒதுங்கிப்போன ஜனம், "செத்தவங்க காத்த வண்டியப்பா அது" என்று கானிலிருந்து அதைத் தூக்கிவிட எட்டுப் பேர் வந்தார்கள். புது ஒயில் ஊற்றியதும் முனகலும் நின்றது. அதையும் அந்த அம்மாவின் கணக்கில்தான் சேர்த்தார்கள். மாமா தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஆரம்பித்து, பிறகு விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் பதுளைக்கு ஹயர் கேட்டு ஆள் வந்தது.

அதே காலையில் மேல் லயத்திலிருந்து மூத்த மகள் வந்தாள், கையில் ஒரு செவ்வந்திச் சரம். காரின் பின்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அத்தையின் கையைப் பிடித்து, "ஒங்க தாலிய எங்கம்மாதான் காப்பாத்துனாங்க அக்கா. வழியில நாங்க கவனிக்காம விட்டுட்டமேன்னு அழுதுகிட்டே கெடந்தேன். அவங்களுக்கு எங்க மேல கோவம் இல்லைன்னு இப்பத்தான் மனசு ஆறுது" என்றாள். அத்தை வாயைத் திறந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, உள்ளே போய் அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

அவள் போனபிறகு அத்தை என்னைக் கூப்பிட்டாள். அன்று காலையிலேயே பனி இறங்கத் தொடங்கியிருந்தது. மாமா பின்னால் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீ பாத்தியே" என்றாள், மெதுவாக. "எத்தனை பேரு?"

துவாய் போட்ட தலை என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன், எத்தனை என்று யாரும் அதுவரைக்கும் கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

"ரெண்டு பேரு அத்தை. ஒட்டி ஒட்டி."

"ரெண்டு பேருக்கும் துவாயா?"

"ஆமா."

அத்தை பயந்துவிட்டாள், உள்ளே போய் விளக்கேற்றப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் முற்றத்தில் இறங்கி நேரே காருக்குப் போனாள். செருப்பைக் கழற்றி மண்ணில் சோடியாக வைத்தாள். பின் கதவைத் திறந்து ஏறினாள். நடு சீட்டில் உட்காராமல், அதைத் தொடாமல், ஓரமாக நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள்.