பத்தடி தள்ளிப் போட்ட ஆழ்துளைக் கிணறு

தொடக்கப்பள்ளியில் அறிவியல் கற்பித்தமைக்காக மாநில அளவில் எனக்கு விருது கிடைத்தது ஒரு தேங்காயினால் என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடுமுன் நீரோட்டம் பார்ப்பவரை அழைப்பது வழக்கம். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடப்பார். அது எழுந்து நிற்கும் இடத்தில் தண்ணீர் என்பார். என் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் கண்களைக் கட்டிக்கொண்டு அவ்வாறே நடந்தார்கள். ஒவ்வொரு முறையும் காய் வெவ்வேறு இடத்தில் நின்றது. அதை நிறுத்துவது நீரன்று, நடப்பவரின் கையே என்று எழுதினார்கள். இயற்பியலில் முதுநிலை பயின்றவர் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவானேன் என்று கேட்டுவந்த உறவினர்கள், விருதுக்குப் பின் அக்கேள்வியை எழுப்புவதில்லை.

இத்தகைய நற்பெயருடன் நான் இருக்கையில்தான் இந்தக் கோடையில் எங்கள் வீட்டுக் கிணறு வற்றியது. சேலத்திலிருந்து நிலத்தடி நீர் வல்லுநர் ஒருவரை வரவழைத்தேன். அவர் மின்கருவியால் ஆராய்ந்து, மாட்டுக்கொட்டகைக்கு அருகே சுண்ணாம்பால் குறியிட்டுச் சென்றார். துளையிடும் ரிக் வண்டிக்குச் சொல்லிவிட்டு நான் திரும்பியபோது அதே இடத்தில் நீரோட்டக்காரர் நின்றிருந்தார். அவர் கண்கள் என் துண்டினால் கட்டப்பட்டிருந்தன. கையில் தேங்காய் நிமிர்ந்து நின்றது. சுண்ணாம்புக் குறியைக் காணவில்லை.

“என்ன இதெல்லாம்?” என்று மனைவியைக் கேட்டேன்.

“ஏனுங்க, கண்ணக் கட்டித்தான் சோதிக்கோணும்னு நீங்கதானே பள்ளிக்கொடத்துல சொல்லிக் குடுக்கறீங்க? அவரு வாரதுக்கு முன்னாலயே குறிய வெளக்கமாத்துல கூட்டி உட்டுட்டனுங்க. அப்பவும் அங்கயே நின்னுருச்சு!”

சோதனை முறையில் குறை காண இயலவில்லை. ஒரே முறை நிகழ்ந்தது சான்றாகாது என்று நான் விளக்கத் தொடங்குமுன் ரிக் வண்டி வந்துவிட்டது.

அந்த இடத்தில் தண்ணீர் வந்தால் மின்கருவியை யாரும் நினைவில் கொள்ளமாட்டார்கள். விருது வாங்கிய வாத்தியாரே தேங்காய் பார்த்துத்தான் போர் போட்டார் என்று சேந்தமங்கலம் வரை பேசுவார்கள். ஆகவே வண்டியைப் பத்தடி தள்ளி நிறுத்தச் சொன்னேன்.

ரிக் ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். “சார், மிசினும் இங்கேங்குது, காயும் இங்கேங்குது. நீங்க எதைப் பார்த்து அங்க போடச் சொல்றீங்க?”

“நான் சொல்றேன், போடுங்க.”

கொட்டகைக் கூரை நனையும் அளவுக்குத் தண்ணீர் பீறிட்டது. நீரோட்டக்காரர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“எனக்குக் காயி வேணுங்க சாமி. உங்களுக்கு அதுகூட வேண்டியதில்லீங்களே!”

மறுநாள் பள்ளி வாசலில் விவசாயிகள் இருவர் காத்திருந்தனர்.

“சார், ஒரு எட்டு தோட்டத்துக்கு வந்துட்டுப் போங்க. சும்மா கையக் காட்டுனாப் போதுமுங்க.”

பாறை வெடிப்புகளில் நீர் பரவியிருக்கும் என்றும், பத்தடி அப்பால் கிடைத்ததில் வியப்பில்லை என்றும் விரிவாக எடுத்துரைத்தேன்.

“அது உங்க அடக்கமுங்க,” என்றார் மூத்தவர்.

எனவே முறைப்படி மறுப்பதென்று முடிவு செய்துள்ளேன். வரும் வாரம் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் என் கண்களைக் கட்டி மைதானத்தில் நடக்கவிட்டுச் சோதிப்பார்கள். ஊராரும் வந்து பார்க்கலாம். எனக்கு யாதொரு ஆற்றலும் இல்லை என்பது அன்று ஐயமற நிறுவப்படும்.

மனைவிதான் எச்சரித்தார்: “நடுவால மூச்சு வாங்கறதுக்குக்கூட நின்னுபோடாதீங்க. அங்கயே போர் போட்டுருவாங்க.”