சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

பதுளையிலிருந்து பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா என் பொறுப்பில் இருக்கிறது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப்போகும் பிள்ளைகளை மாலைவரை பார்த்துக்கொள்ள வேண்டும். என் சுத்தத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்க முடியாது. திறந்தவர்களை நான் சும்மா விட்டதும் இல்லை.

அதிலும் தண்ணீர் விஷயத்தில் நான் பொல்லாதவள். பச்சைத்தண்ணீர் ஒரு சொட்டு பிள்ளைகளின் வாயில் படாது. பானை நிறைய அடுப்பில் ஏற்றினால் பாதியாகச் சுண்டும்வரை இறக்க மாட்டேன்.

"என்னக்கா, தண்ணியிலயே கசாயம் போடுறீங்களா?" என்று ஒருத்தி தினமும் கேலி செய்வாள்.

"ஒம் புள்ளைக்கு வயித்தால போனா நீயா வந்து அலசுவ?" என்று அவள் வாயை அடைப்பேன்.

போன வருஷம் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். எங்கள் குழாய் வெள்ளைக்காரன் காலத்தது, தண்ணீரில் ஈயம் இறங்கலாம், அது சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்றார். குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைக்கும்படி ஒரு போத்தலைத் தந்துவிட்டுப் போனார்.

பெரிய ஆபீசர்கள் பார்க்கப்போகிற தண்ணீர்! பிடித்தபடியே கொடுக்க எனக்கென்ன பைத்தியமா? வழக்கத்தைவிட ஒரு மணிநேரம் கூடுதலாகக் காய்ச்சி, வெள்ளைத் துணியில் இரண்டு தடவை வடிகட்டி ஊற்றினேன். போத்தலின் வெளிப்புறத்தையும் சாம்பல் போட்டு விளக்கிக் கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் மனிதர் ஓடிவந்தார். "அக்கா, ஈயம் கனக்க இருக்கு. இந்தத் தண்ணிய என்ன செய்தனீங்கள்?"

சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லா காய்ச்சினா எல்லாம் செத்துரும்ல சார்?"

"ஈயத்துக்கு உயிர் இருந்தால்தானே அக்கா சாகிறதுக்கு? தண்ணிதான் ஆவியாப் போகும். ஈயம் பானைக்குள்ளேயே நிக்கும். நீங்கள் சுண்டக் காய்ச்சக் காய்ச்ச..."

ஓடிப்போய் அடுப்பில் சுண்டிக்கொண்டிருந்த பானையை இறக்கினேன்.

இந்தத் தடவை என்னைக் கிட்டவே விடாமல், குழாயிலும் மலையிலிருந்து ஊற்றுநீர் விழும் பீலியிலும் அவரே தண்ணீர் பிடித்துப் போனார். பீலியில் குறையில்லை. குழாயில் ஈயம் இருந்தது. பிள்ளைகள் எல்லோரையும் பதுளைக்குக் கூட்டிப்போய் இரத்தம் பார்த்தோம். இரண்டு பேருக்குக் கூடுதலாக இருந்தது. ஒன்று, என்னைக் கேலி செய்கிறவளின் பிள்ளை.

அன்று மாலை தாய்மாரிடம் மறைக்காமல் சொன்னேன். "கொழாயில வந்தத நான்தான் காய்ச்சிக் காய்ச்சி இன்னும் கூட்டிக் குடுத்திருக்கேன்." யாரும் கேலி செய்யவில்லை. ஒருத்தியாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்துத்தான் கதவைத் திறந்தேன். எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு பிளாஸ்டிக் போத்தல் தொங்கியது.

கேலிக்காரி தன் பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.

"பீலித் தண்ணி. ஒரு கொதி வந்ததும் எறக்கிட்டோம். புள்ளைய நீங்க பாத்துக்கங்க. அடுப்புப் பக்கம் மட்டும் போயிராதீங்க, புண்ணியமாப் போகும்."

ஊரார் வாயையெல்லாம் அடைத்த நான், பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.